வெள்ளை தெரிந்தால் வெட்டு

காலியாக இருக்க வேண்டிய ஆணியில் சிவப்பு வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிய கையை எடுக்காமல் அவர் அப்படியே நின்றார். சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு வயர், சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்பு. நேற்றுச் சாயங்காலம் கடைசி ஆணியைக் காலி செய்தது அவரேதான். அதில் கிடந்த சிவப்பை எடுத்து, வளைத்துப் பார்த்து, கட்டரால் நடுவில் நறுக்கி, இரண்டு துண்டையும் மேசைக்கு அடியில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார். இன்று அதே ஆணியில், அதே நீளத்தில், அதே மங்கிய சிவப்பில் ஒன்று தொங்குகிறது. காற்றில்லாத அறையில் அதன் நுனி மட்டும் லேசாக ஆடி, அவர் பார்க்கப் பார்க்க நின்றது.

வெளியே மழை. விடிந்ததற்கு அடையாளமே இல்லாத விடியல். வீட்டின் பின்பக்கத்து அறை அது. ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வாடை, பற்றவைத்த ஈயத்தின் புகை, ஈரச் சுவரின் நெடி எல்லாம் சேர்ந்து எந்நேரமும் ஒரு கனத்த மணம் அங்கே நிற்கும். எக்ஸ்ரே மெஷினுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற பெட்டிகளைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பழுது பார்க்கிற அறை.

தெருவில் அவருக்குச் சந்தேகக்காரர் என்றுதான் பேர். வாசலில் யாராவது வந்து, "சந்தேகம் இருக்காரா?" என்று கேட்டால், "அது இல்லாத நாள் ஏது, உள்ள வாங்க" என்பாள் மனைவி. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. மின்சாரத்தோடு பிழைப்பவன் நம்பிக்கையோடு வாழ முடியாது. அது வேண்டாத சொந்தக்காரன் மாதிரி. சொல்லாமல் வரும், வந்தால் போகாது. பெட்டியை அணைத்து, உள்ளே தேங்கியதை இறக்கி, செத்துவிட்டது என்று நீ திரும்பினால், கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடியும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கறுப்பு வயரைப் பூமிக்கு மாட்டியே வைக்க வேண்டும். செத்தது செத்தபடியே கிடக்கும் என்று எழுதிக் கொடுத்தவன் எவனும் இல்லை.

வயர் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். வெள்ளை தெரிந்தால் வெட்டு.

நல்ல வயருக்குத் தோல் இரண்டு. மேலே சிவப்பு அல்லது கறுப்பு, உள்ளே வெள்ளை. மேல்தோல் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்த்தால் அந்த வயருக்கு ஆயுசு முடிந்தது. அதை முழுசாகக் குப்பையில் போடக் கூடாது. போட்டால், "அட, நல்லாத்தானே இருக்கு" என்று எவனாவது எடுத்து மாட்டுவான், மாட்டினவன் சாவான். அதனால் முதலில் வெட்டு, அப்புறம் போடு. இந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

இறங்கி வராததற்குக் காரணம் அவளுடைய வலது கைச் சுண்டு விரல். போன வருஷம் ஆஸ்பத்திரிக்காரன் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த ஒல்லி வயரை அவள் பிடித்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகப் பொறி பாய்ந்து அந்த விரலில் இறங்கியது. அவள் பிழைத்தது அந்த ஒரு விரலோடு போனதால்தான். நகம் கருகிக் கறுத்தது, கறுத்தபடியே நிற்கிறது. விரல் மரத்துவிட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அன்றிலிருந்து வேலை பிரிந்தது. வயரைத் தேர்ந்தெடுப்பது அவர், அளப்பது அவள். ஸ்கோப் என்கிற அந்தத் திரைப்பெட்டி மின்சாரத்தின் ஆட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும்போது, அந்தக் கோட்டைப் படிக்க அவளை விட்டால் ஆளில்லை. அவள் உயிர் அவர் எடுத்துக் கொடுக்கிற வயரில் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் குனிந்து குப்பைத் தொட்டியைப் பார்த்தார். ஈயத் துளிகள், காகிதம், உடைந்த பிளாஸ்டிக். நேற்று போட்ட துண்டுகள் இல்லை.

"ஏய், நேத்து குப்பையைக் கொட்டினியா?"

"நானா? அந்தத் தொட்டிப் பக்கம் போனாலே கத்துவீங்களே!" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அப்ப இந்தச் சிவப்பு வயரை யார் மாட்டினது?"

"எது? அதுவா? நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே அங்கதான் தொங்குச்சு, நீங்க மாட்டினதுன்னு நெனைச்சேன். அதை வெச்சுத்தான் சின்னப் பெட்டியை அளந்து முடிச்சேன். நல்ல வயருங்க. கைக்கு வெதுவெதுன்னு இருக்கு."

வயர் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது. வேலை செய்யாத வயர் பாம்பு மாதிரி குளிர்ந்துதான் கிடக்க வேண்டும்.

ஆணியிலிருந்து எடுத்தார். வெதுவெதுப்புதான். சட்டைப் பையில் நெடுநேரம் கிடந்த காசுபோல. ரப்பர் வழவழப்பாக, மிக மெல்லிய ஈரத்தோடு விரலில் ஒட்டியது. நுனியில் தொட்டு அளக்கிற முள், முள்ளுக்கு மூடி, அதற்குப் பின்னால் தடித்த பிடி, பிடியைத் தாண்டிக் கை முன்னால் வழுக்காமல் இருக்க ஒரு தடுப்பு வளையம். எல்லாம் ஒழுங்கு. ஜன்னல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாக விரலில் சுற்றி வளைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

ஒரு வெள்ளைக் கோடு. வயரைச் சுற்றி முழுசாக, நூல் அளவுக்கு, மோதிரம் போட்டதுபோல ஒரு வட்டம்.

நகத்தால் நெருடினார். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. நேற்று அவர் நறுக்கிய இடம்.

வயர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "தம்பி, போன தடவை உன்கிட்ட எத்தனை சிவப்பு வாங்கினேன்?"

"ஐயோ அண்ணே, காலங்காத்தாலேயேவா? வாங்குனது ஒரே ஒரு ஜோடி. அதுக்கும் ரசீது கேட்டீங்க, ரசீதுக்குச் சாட்சி கேட்டீங்க."

"வெட்டின வயரை ஒட்டறதுக்கு ஏதாவது வந்திருக்கா? ஒட்டின இடமே தெரியாம?"

"அப்படி ஒண்ணு வந்தா நான் கடையை மூடிட்டுப் போயிடுவேன்ணே. வயர் செத்தா செத்ததுதான்." சிரித்தார். "ஏன்ணே, ஏதாவது உயிரோட திரும்பி வந்துருச்சா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

வழக்கமான சோதனை ஒன்று உண்டு. வயர் மேல் இத்தனை ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். அச்சடித்தவன் யார்? விற்கிறவன். மாப்பிள்ளை நல்லவன் என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொன்ன கதை. அதனால் அவர் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்து, வயரின் இரண்டு முனையும் வெளியே இருக்கும்படி நடுப்பாகத்தை முக்குவார். கசிவை அளக்கிற மெக்கர் கருவியின் ஒரு கம்பியை வயருக்குள் இருக்கும் செம்பிலும், இன்னொன்றைத் தண்ணீரிலும் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் மின்சாரம் அந்த வழியாகத் தண்ணீருக்குள் கசியும், மெக்கரின் முள் காட்டிக் கொடுத்துவிடும். கசியாத வயருக்கு முள் மெதுவாக ஏறிக் கடைசிக் கோட்டில் போய் நிற்கும்.

இந்த வயரை முக்கினார். கம்பிகளை வைத்தார். கைப்பிடியைத் தொடப் போனார்.

தொடுவதற்கு முன்பே முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தார். கூரை காய்ந்துதான் இருந்தது. மறுபடி குனிந்தபோது அலை அடங்கியிருந்தது. வயர் முதலில் கிடந்தது போலக் கிடக்கவில்லை. வாளியின் உட்சுவரை ஒட்டி இன்னும் ஒரு சுற்று சுற்றி, வசதியாகப் படுத்திருந்தது. தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார்.

வெதுவெதுப்பு.

"என்னங்க, முடிஞ்சுதா?" மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். "பெரிய பெட்டி இன்னிக்குப் போகணும். ஆஸ்பத்திரில மெஷின் சும்மா கிடக்குதாம். ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாங்க." மெக்கரை எட்டிப் பார்த்தாள். "அட, முள்ளு கடைசிக்கே போயிருக்கே! இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதான் பிடிக்கலை."

"கெட்டுப்போனாலும் திட்டறீங்க. நல்லா இருந்தாலும் திட்டறீங்க. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என்னையும் இப்படித்தான் பார்க்கறீங்க, எங்க வெள்ளை தெரியுதுன்னு."

"உனக்குத் தலையில தெரியுதே."

"அதுக்கும் வெட்டுவீங்களா?" சிரித்தபடி ஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தாள். உயர் அழுத்த வேலைக்கு உட்காரும் முன் உலோகம் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். மோதிர விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி டீ டம்ளர் பக்கத்தில் வைத்தாள். பிறகு, கேட்காமலேயே வாளியிலிருந்து வயரை உருவி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். நனைந்த குழந்தையைத் துவட்டுகிற மாதிரி. அவ்வளவு நிதானம், அவ்வளவு அக்கறை.

"அதைக் கீழ வை."

"ஏங்க?"

"நேத்து நான் வெட்டின வயர் அது. நடுவுல பாரு, தழும்பு இருக்கு."

அவள் பார்த்தாள். கட்டை விரலால் அந்த வெள்ளை வட்டத்தைத் தடவினாள். "வலிச்சிருக்கும்," என்றாள்.

கேலிதான் என்று நினைத்தார். முகத்தைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

விளக்கு அணைந்து, காற்றாடி முனகி நின்று, ஸ்கோப்பின் பச்சைக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கிச் செத்தது. பகல்தான். ஆனாலும் மழை மூடிய அந்த ஜன்னல் கொடுத்த வெளிச்சத்தில் மேசையின் விளிம்பு தெரிந்ததே பெரிய விஷயம். அவள் இருந்த இடத்தில் அவளைவிடக் கொஞ்சம் கறுப்பாக ஒரு உருவம் இருந்தது. எண்ணெய் வாடையோடு வேறொரு வாடை எழுந்தது. சுட்ட ரப்பரா, சுட்ட மயிரா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரிய பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கரண்ட் இல்லாத வீட்டில் எதற்கு அது கனைக்கிறது?

அவருடைய இடது கை வழக்கம்போலப் பாக்கெட்டில் இருந்தது. அதுவும் ஒரு சட்டம். ஒரு கை வேலையில், ஒரு கை பாக்கெட்டில். இரண்டு கையும் வெளியே இருந்தால் மின்சாரம் இந்தக் கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, அந்தக் கையில் இறங்கும். அந்தப் பாக்கெட்டில்தான் கட்டர் கிடக்கும். இந்த வீட்டில் கட்டர் அது ஒன்றுதான்.

இப்போதே வெட்டிவிட வேண்டும். கரண்ட் வந்தால் அவள் இதைப் பிடிப்பாள். பிடிக்க விடக் கூடாது.

"அந்த வயரை இங்க கொடு."

இருட்டில் வலது கையை நீட்டினார்.

"கொடுன்னு சொல்றேன்ல."

"வெட்டத்தானே?"

"ஆமா."

"சரி. இந்தாங்க."

அவருடைய வலது கையில் எதையோ வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அதே வழவழப்பு, அதே மெல்லிய ஈரம், அதே தடிமன். நுனி கெட்டியாக இருந்தது. முள்ளின் மூடி என்று நினைத்தார். இடது கையால் கட்டரை எடுத்து, வாயைத் திறந்து, தடவி வைத்து, அழுத்தினார்.

நறுக்.

ரப்பரில் இறங்குவதுபோலத்தான் இறங்கியது. செம்பு தட்டுப்படவில்லை. துண்டு விழுந்தது. காலால் தொட்டியை இழுத்து, குனிந்து தடவி எடுத்து அதற்குள் போட்டார். டப் என்றது. மிச்சம் அவள் பக்கமாகச் சரசரவென்று இழுபட்டுப் போனது.

கட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"திருப்தியா?" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை.

"திருப்திதான்."

"நீங்க வெட்டினா வலிக்கலை பாருங்க." என்று சொல்லி மெல்லச் சிரித்தாள். இருட்டில் அந்தச் சிரிப்பு அவள் இருந்த பக்கத்திலிருந்துதான் வந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து வந்த மாதிரி இருந்தது.

விளக்கு வந்தது. காற்றாடி முனகிச் சுற்றியது. ஸ்கோப் கண்ணைத் திறந்து பச்சைக் கோட்டை இழுத்தது.

கடைசி ஆணியில் சிவப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

முழுசாக. ஒரே நீளமாக. அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். நடுவில் வெள்ளை வட்டம். ஒன்றே ஒன்று. நேற்று வெட்டியது. நுனியிலிருந்து அடிவரை தேடினார். இன்னொன்று இல்லை.

அப்படியானால் இப்போது எதை வெட்டினார்?

"அதை எடுத்துக் கொடுங்க," என்றாள் பின்னாலிருந்து. "நேரமாச்சு. கறுப்பை மாட்டிட்டேன். பூமி பிடிச்சாச்சு. எல்லாம் உங்க சட்டப்படிதான்."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க. ஒரு நல்ல சேதி சொல்லவா? என் சுண்டு விரல் இருக்குல்ல? மரத்துப்போனது. உணர்ச்சி வந்துருச்சு. இப்பத்தான். பாருங்களேன்."

திரும்பினார்.

வலது கையை நீட்டியிருந்தாள். ஐந்து விரலையும் மடக்கி மடக்கி விரித்துக் காட்டினாள். சுண்டு விரல் மற்றதோடு சேர்ந்து சுகமாக ஆடியது. அதன் நகம் கறுப்புத்தான். அடியில், விரல் கையோடு சேருகிற இடத்தில், நூல் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம்.

மோதிரத் தடம். வெயில் படாத இடம் அப்படித்தான் வெளுத்திருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டார். டீ டம்ளர் பக்கத்தில் மோதிரம் கிடந்தது. அது மோதிர விரல் மோதிரம். அவள் சுண்டு விரலில் எதையும் போட்டதே இல்லை.

வட்டம் முழுசாக இருந்தது. பள்ளமும் இல்லை. மேடும் இல்லை.

"கொடுங்க."

தொட்டி அவர் காலடியில் இருந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். வாழ்நாளெல்லாம் எதையும் பார்க்காமல் விட்டதில்லை. விட்டால் இன்று விட வேண்டும்.

குனிந்தார்.

ஈயத் துளிகள். காகிதம். உடைந்த பிளாஸ்டிக்.

அதன் மேல் ஒரு விரல். சின்னது. லேசாக வளைந்து, எதையோ பிடிக்கப்போன மாதிரி. நகம் கருகிக் கறுத்தது. ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. வெட்டிய இடத்தில் சதை இல்லை, எலும்பு இல்லை. மேலே தோல். உள்ளே வெள்ளை. அதற்கும் உள்ளே வெள்ளை. நடுவரை வெள்ளை.

மெல்ல நிமிர்ந்தார்.

அவளே எழுந்து வந்தாள். அவரைத் தாண்டிப் போய் ஆணியிலிருந்து வயரை எடுத்தாள். அது அவள் மணிக்கட்டில் தானாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டது. பெரிய பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்து, தடுப்பு வளையத்துக்குப் பின்னால் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பிடித்தாள். நிதானமாக. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவள் கழுத்துக்குப் பின்னால், முடி முடிகிற இடத்தில், இன்னொரு வெள்ளை வட்டம் தெரிந்தது.

அதை அவர் வெட்டவில்லை. வெட்டிய ஞாபகம் இல்லை.

பெட்டி உறும ஆரம்பித்தது. பச்சைக் கோடு திரையில் மெதுவாக எழுந்து நின்றது.

"கையைப் பாக்கெட்டுல விட்டுக்குங்க," என்றாள், திரும்பாமல். "ஏத்தறேன்."

அவர் கை பாக்கெட்டுக்குள் போனது. கட்டர் அங்கேதான் இருந்தது. வெதுவெதுப்பாக.